சென்னியப்பன் ஒட்டினது எழும்பாது

அந்தச் சன்னலைச் சித்தெ சாத்துங்க. வெளிய இருந்து வர்ற சத்தத்துல நீங்க சொல்றது ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. எனக்குத் திண்டலுங்க. நீங்க ஈரோடு பஸ் ஸ்டாண்டா? சரி, அப்ப எனக்கப்பறந்தான் நீங்க எறங்கோணும். கண்டக்டரைப் பாருங்க, டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டு வாய்க்குள்ளயே என்னமோ முனகீட்டுப் போறான். இந்தக் காலத்துல எவனுக்கும் வாயைத் தெறந்து பேசற பழக்கமில்லீங்க. என்ற ஊட்டுக்காரி முனகறா, பையன் முனகறான், டிவியில சேதி வாசிக்கறவன் சம்பளம் வாங்கிக்கிட்டு முனகறான். நீங்களும் சித்தெ இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க, உங்க மூஞ்சி தெரிஞ்சா பேச்சு சுலபமா இருக்கும்.

திண்டல்ல எனக்குச் சொந்தம் ஒண்ணுமில்லீங்க. ஒரு பொம்பளையை மன்னிக்கப் போறேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். துளசிமணின்னு பேரு. திருப்பூர்ல நம்ம பட்டறையில ஒம்போது வருசம் பாலிஷ் வேலை பார்த்தவ. ரண்டு மாசத்துக்கு முன்னால கோவிச்சுக்கிட்டுப் போனவ, திண்டல்ல ஏதோ பர்னிச்சர் கடைக்காரன் பட்டறையில சேந்திருக்கறாளாம். என்ற பையன் யுவராஜ் போன திங்கக்கெழமை பட்டறைச் சாவியை என்ற கையிலிருந்து வாங்கிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டான். "அந்தக்காகிட்டப் போய்ப் பேசிக் கூட்டியாங்கப்பா. அவங்க வந்தா நீங்களும் வாங்க. வர மாட்டேன்னுட்டா நீங்க ஊட்டுலயே இருங்க"ங்கறான். முப்பத்தெட்டு வருசமா நான் நிக்கற பட்டறைங்க அது. குழி தோண்டிக் கம்பம் நட்டவன் நான், தகரம் போட்டவன் நான். அதுக்குள்ள நான் காலெடுத்து வெக்கோணும்னா ஒரு பாலிஷ்காரி மனசு வெக்கோணுமாம். கேக்கறதுக்கே அசிங்கமா இல்லீங்களா.

நானுங்க வினீர் மேஸ்திரி. வினீர்னா தெரியுமுங்களா? தெரியாது, யாருக்குத்தான் தெரியுது. தேக்கு மரத்தை வெங்காயச் சருகாட்டம் சீவி எடுப்பாங்க, அரை மில்லி கனங்கூட வராது. அதைப் பிளைவுட் மேல ஒட்டித் தேய்ச்சுப் பாலிஷ் போட்டா முழுத் தேக்குப் பலகையாட்டம் நிக்கும். ஊட்டுக்காரன் வந்து தடவிப் பார்த்துட்டு "மேஸ்திரி, ஒரிஜினல் தேக்குங்களா"ன்னு கேப்பான். ஒரிஜினல்தான்யா, மேல அரை மில்லிக்கு ஒரிஜினல்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். கோடி ரூபாய்க்கு ஊடு கட்டறவனுக்கு மரத்தைப் பத்தி இவ்வளவுதான் தெரியும். அவனாவது தேவலைங்க. மைக்கா ஒட்டறவனெல்லாம் இன்னைக்குத் தன்னை ஆசாரிங்கறான். பெயிண்ட் அடிச்ச அட்டையைப் பிளைவுட்டுல ஒட்டறதுக்கு எதுக்குங்க ஆசாரி? சுவத்துல போஸ்டர் ஒட்டறவனைக் கூப்புட்டா சொன்ன வேலையைச் சுத்தமாச் செஞ்சுட்டுப் போவான்.

வினீர் அப்படியில்லீங்க. பலகையிலயும் பசை தடவோணும், வினீர் முதுகுலயும் பசை தடவோணும். ரண்டும் காய்ஞ்சு கையில ஒட்டாத பதத்துக்கு வரோணும். அப்பறம் மரத்து ரேகை பார்த்துப் படிய வெச்சு, மேல காயிதத்தை விரிச்சு, துணி தேய்க்கற இஸ்திரிப் பெட்டியாலயே சூடு காட்டி அழுத்திக்கிட்டே போகோணும். பசை இளகிப் புடிச்சுக்கும். அவசரப்பட்டா நடுவுல காத்து நின்னுக்கும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. பாலிஷ் போட்டு, கொண்டு போய் மாட்டி, பத்து நாள் வெயில் பட்டதும் கொப்புளமாட்டம் எழும்பும். அப்படி ஒண்ணு எழும்புனா மேஸ்திரி பேரு அதோட போச்சு. 'சென்னியப்பன் ஒட்டினது எழும்பாது'ன்னு திருப்பூர்ல எந்தப் பிளைவுட் கடையில வேணாலும் போய்க் கேளுங்க, சொல்லுவாங்க. சென்னியப்பன் நாந்தான்.

யுவராஜ் என்னடான்னா, பெருசா ஒரு பிரஸ் மெஷின் வாங்கோணும்கறான். பலகையை உள்ள தள்ளிப் பொத்தானை அமுத்துனா அதுவே ஒட்டிக் குடுத்துருமாம். அப்ப நான் எதுக்கு, காப்பி வாங்கியாரவா? அவனைப் பத்திச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. ரம்ப மெஷின் ஓட்டறப்பக் காதுல வாழைப்பூ மடலாட்டம் ரண்டு மூடியை மாட்டிக்குவான். சத்தம் காதுக்கு ஆகாதாமா. நான் முப்பத்தெட்டு வருசமா அந்த மெஷினுக்கு முன்னால மொட்டைக் காதோடதான் நிக்கறேன், எனக்கு என்ன கெட்டுப் போச்சு? எட்டாங் கிளாஸ் வரைக்கும் அவனைத் தூக்கிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டவன் நான். செல்லமா வளர்ந்த ஒடம்பு, சத்தம்கூட ஆகாம போச்சு.

ஒட்டி முடிச்சதும் ஒரு வேலை இருக்குதுங்க. நகத்தால பலகை பூராவும் தட்டிப் பார்க்கோணும். புடிச்சிருந்தா கட்டையாட்டம் கனமாக் கேக்கும். காத்து நின்னா சருகு மேல தட்டறாப்ல ஒரு சலசலப்பு வரும். எங்க பட்டறையில ஒரு நடைமுறை, நான் வெச்சதுதான். நான் தட்டிப் பார்த்து 'போலாம்'னு சொன்னாத்தான் பாலிஷ் ஆளு பலகையைத் தொடோணும். நான் 'போலாம்'னுட்டா அதுக்கு மேல பேச்சே கெடையாது. முன்னெல்லாம் பலகைக்கு ஒரு எடத்துல, ரண்டு எடத்துல அந்தச் சலசலப்பு வருமுங்க. மறுபடி சூடு காட்டி அழுத்துவேன். இந்த ரண்டு மூணு வருசமா ஒரு பலகையிலயும் வர்றதில்ல. எங்க தட்டுனாலும் ஒரே கனம். வயசாக வயசாகக் கை அவ்வளவு சுத்தமாயிருச்சு. இதை நானே சொல்லக்கூடாது, ஆனா வேற எவன் சொல்றான்.

இந்தத் துளசிமணி இருக்கறாளே, புருசன் செத்து ஒரு பொட்டப்புள்ளையை வெச்சுக்கிட்டு உப்புத்தாள் தேய்க்கற கூலிக்கு வந்தவ. வந்த எடத்துல பாலிஷைப் புடிச்சுக்கிட்டா. பாலிஷ் என்ன பெரிய வேலைங்க? மரத்துக் கண்ணை அடைக்கற சீலரை அடிக்கறது, காஞ்சதும் தேய்க்கறது, மறுபடி அடிக்கறது. ஊட்டுல தரை தொடைக்கறவளுக்கு அது வராதா. ஆனா ஊட்டுக்காரனுக என்ன சொல்றானுக தெரியுமா? கண்ணாடியாட்டம் இருக்குதுங்க, பாலிஷ் போட்டது யாருங்கன்னு கேக்கறானுக. ஒட்டுனவன் யாருன்னு இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல. இவளும் வாயைத் தெறந்து 'மேஸ்திரி ஒட்டுனதுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. சொல்லியிருக்கலாம், அதுவும் எனக்குக் கேட்டிருக்காது. அவ பேசறது அவ காதுக்கே கேக்காதுங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டே பேசற சாதி.

அவகிட்ட ஒரு திருட்டுத்தனம் இருந்துச்சு. கேளுங்க இதை. அவகிட்டயும் ஒரு சாவி இருந்துச்சுங்க, காத்தால வந்து கூட்டி விடறதுக்கு. எட்டு மணிக்கு வரவேண்டியவ ரண்டு வருசமா ஏழு மணிக்கே வந்துருவா. எதுக்குன்னு நான் கண்டுக்கல. போன சித்திரையில ஒருநாள் அவ சோத்துக் கூடையில ஆஸ்பத்திரி ஊசி ரண்டு கெடந்துச்சு, மருந்து ஏத்தறதே அது. ஒரு பிளேடும் இருந்துச்சு. பசை டப்பாவைத் தெறந்து பார்த்தா, வெச்ச அளவு இல்ல. எனக்குப் புரிஞ்சு போச்சு. பசையை ஊசியில உறிஞ்சு எங்கயோ கொண்டு போறா. கூப்புட்டுக் கேட்டேன். தலையைக் குனிஞ்சு என்னமோ நீளமாச் சொன்னா. நான் கேட்டுக்கிட்டேன்னு அவ நெனச்சா, எனக்கு அதெல்லாம் வேண்டீதில்ல. "சாவியைக் குடு. இனி நான் வந்து தெறந்தப்பறம் உள்ள வா"ன்னுட்டேன். அவ மூஞ்சி செத்துப் போச்சு. திருடலீன்னா மூஞ்சி எதுக்குங்க அப்படிப் போகோணும்.

அந்த வாரந்தான் அவிநாசி வேலை வந்துச்சு. மருதாசலம்னு நூல் புரோக்கர், புது ஊடு. ஹால்ல ஒரு சுவர் பூராவும் தேக்கு வினீர் வேணும்னாரு. அந்தச் சுவத்துக்கு முன்னாலதான் மகளுக்கு நிச்சயதார்த்தம். எட்டுப் பலகைங்க. எட்டுக்கும் ஒரே மரத்துல அடுத்தடுத்துச் சீவுன தாளு, பின்னால ஒண்ணு ரண்டுன்னு சாக்பீஸ்ல நம்பர் போட்டு வந்துச்சு. ஒண்ணைத் திருப்பி இன்னொண்ணு பக்கத்துல வெச்சா, புஸ்தகத்தை விரிச்சாப்ல ரேகை ரண்டு பக்கமும் ஒண்ணுபோல ஓடும். அதுல ஒரு தாளு கெட்டாலும் சுவரே போச்சு. அதே ரேகைக்கு வேற தாளு எங்க போய்த் தேடறது, அந்த மரம்தான் அறுபட்டுப் போச்சே. இந்த வேலையை யுவராஜ் தலையில கட்டுனா அழுதிருப்பான். நான் நாலே நாள்ல எட்டையும் ஒட்டி நிறுத்துனேன்.

தட்டிப் பார்த்தேன். எட்டும் கல்லாட்டம் இருந்துச்சு. 'போலாம்'னேன். அவ சீலரைக் கையில எடுக்காம நிக்கறா. மெதுவாப் போய் மூணாம் நம்பர் பலகையைத் தட்டறா, ஆறாம் நம்பரைத் தட்டறா. அப்பறம் ஒரு சாக்பீஸை எடுத்து, மூணுல ரண்டு வட்டம், ஆறுல ரண்டு வட்டம் போட்டா. நான் போலாம்னு சொன்ன பலகை மேலங்க. எட்டு ஆளுக வேலை செய்யற பட்டறை, மெஷினை நிறுத்திப் போட்டு அத்தனை பேரும் பார்க்கறானுக. "என்னது இது"ன்னேன். வாய் அசைஞ்சுது, சத்தம் வரல. ஈரத்துணியை எடுத்து நாலு வட்டத்தையும் நானே தொடைச்சேன். "முப்பத்தெட்டு வருசத்துல எனக்கு வட்டம் போட்டுக் காட்டுன ஆளு இல்ல. சீலரை எடு"ன்னேன். அதோட விடலீங்க. அவ மறுபடி ஏதாவது தில்லுமுல்லு பண்ணுவாள்னு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எட்டுப் பலகைக்கும் சீலர் அடிச்சு முடியற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன். சாப்பாட்டுக்குக்கூட எந்திரிக்கலைன்னா பார்த்துக்குங்க.

சுவத்துல மாட்டியாச்சு. மருதாசலம் பார்த்துட்டு என்ற கையைப் புடிச்சுக்கிட்டாரு. நல்ல மனுசன், ஆனா மேக்குப் பார்த்து ஆளு ஒசரத்துக்குச் சன்னல் வெக்கற மடையன். மத்தியானம் திரும்பிட்டா அந்தச் சுவத்துலதான் வெயில். நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கறப்ப போன் வருது, ஓடி வாங்க மேஸ்திரின்னு. நானு, யுவராஜு, துளசிமணி மூணு பேரும் போனோம். மூணாம் நம்பர்ல ரண்டு, ஆறாம் நம்பர்ல ரண்டு, எலந்தப்பழம் பருமனுக்கு எழும்பி நிக்குது. மாப்பிள்ளையும் பொண்ணும் உக்கார்ற எடத்துக்கு நேர் பொறத்தால. மருதாசலத்து சம்சாரம் அழுகறா.

"இது ஒட்டுன தப்பில்லீங்க"ன்னேன். "தேய்ப்பு மெஷினை ஒரே எடத்துல வெச்சு அமுத்துனா சூடு ஏறும், பசை இளகும், வினீர் தூக்கிக்கும். பாலிஷ் போட்டவளைக் கேளுங்க"ன்னேன். எல்லாரும் அவளைப் பார்த்தாங்க. அவ என்னைப் பார்த்தா. அப்பறம் மருதாசலத்தைப் பார்த்து நாலு வார்த்தை சொன்னா. எனக்குக் கேக்கல. யுவராஜ் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். அவ கூடையை எடுத்துக்கிட்டு வாசப்பக்கமா நடந்து போனவதான், பட்டறைக்குத் திரும்பி வரல. நிச்சயத்தன்னைக்குச் சுவர் பூராவும் பட்டுத்துணி கட்டி மறைச்சு முடிச்சாங்களாம். பிளைவுட் கடையில விசாரிச்சவங்ககிட்டயெல்லாம் நானும் விசயத்தைச் சொன்னேன், அந்தப் பொம்பள சூட்டைக் காட்டி வினீரைத் தூக்கிட்டான்னு. சொல்லோணுமில்லீங்களா, நாளைக்கு இன்னொருத்தன் பட்டறையில போய் இதே மாதிரி பண்ணுனா? அதுக்கப்பறம் திருப்பூர்ல அவளுக்கு யாரும் வேலை குடுக்கல. அதான் திண்டலுக்கு வந்துட்டா.

புதுசா ஒரு பாலிஷ்காரன் வந்தான். அவனொரு தண்டம். நான் போலாம்னதும் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சுருவான். ரண்டு மாசத்துல மூணு ஊடு, மூணுலயும் எழும்பிருச்சு. நான் அவனையும் வைஞ்சேன். போன திங்கக்கெழமை யுவராஜ் ஒரு பலகையைக் கொண்டாந்து என்ற முன்னால நிறுத்தி, நகத்தால தட்டி, "கேக்குதுங்களாப்பா"ன்னான். "நல்லாத்தான் புடிச்சிருக்குது"ன்னேன். இன்னொரு எடத்துல தட்டுனான். "இது?" "இதும் நல்லாத்தான் இருக்குது." அவன் அப்படியே மரத்தூள் மேல உக்காந்துட்டான். என்னமோ எழவு ஊட்டுல உக்கார்றாப்ல.

அப்பறம் எந்திரிச்சு வந்து பட்டறை பூராவும் கேக்கறாப்ல கத்திச் சொல்றான். துளசியக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டானாம். அவ சொல்லவே மாட்டேன்னாளாம், இவன் விடலையாம். ரண்டு வருசமா நான் போலாம்னு சொன்ன பலகையையெல்லாம் அவ காத்தால ஒரு மணிநேரம் முன்னால வந்து தட்டிப் பார்ப்பாளாம். காத்து நின்ன எடத்துல ரேகையோட ஓட்டத்துலயே பிளேடால ஒரு கீறல் போட்டு, ஊசியில பசையை ஏத்தி, இஸ்திரிப் பெட்டியில அமுத்தி வெச்சிருவாளாம். எட்டு மணிக்கு நான் வர்றப்ப ஒண்ணுந் தெரியாதாம். அதான் ஊசியாம், அதான் பசை கொறஞ்சுதாம். "உங்க கை சுத்தமில்லீங்கப்பா, அந்தக்கா கைதான் சுத்தம்"னான். பெத்த அப்பனைப் பார்த்து, எட்டு ஆளுக முன்னால.

சரி, அதையே நெசம்னு வெச்சுக்குவோம். அவிநாசியில அவ என்ன சொன்னான்னு அவனைக் கேட்டேன். "ஆமாங்க, நாந்தான் மெஷின் சூட்டை அதிகமாக் காட்டிட்டேன்"னு சொன்னாளாம். பார்த்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா. மருதாசலம் கேட்டிருக்கறாரு, அவர் சம்சாரம் கேட்டிருக்குது. தப்புப் பண்ணலீன்னா எவளாவது ஒத்துக்குவாளா?

என்னங்க? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க. எதுக்கு ஒத்துக்கிட்டாளா? நீங்களும் அவனாட்டமே கேக்கறீங்க. போன்ல இவங்கிட்டச் சொன்னாளாம், மேஸ்திரிக்குக் காது போயிருச்சுன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா அவரு எப்படிங்க தம்பி அந்தப் பட்டறையில நிப்பாருன்னு. எனக்குப் பிச்சை போடறாளாமா. உப்புத்தாள் தேய்க்க வந்தவ எனக்குப் பேரு பிச்சை போடறா, அதை நான் ரண்டு வருசமா வாங்கித் தின்னுக்கிட்டு இருந்திருக்கறேன். அதை நெனச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கல. ஊரெல்லாம் அவளை வைஞ்சுக்கிட்டு இருக்கறப்ப அவ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலீங்க. சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை வைஞ்சுட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

பெருந்துறை தாண்டிட்டமா? அப்ப இன்னொண்ணையும் சொல்லிர்றேன். இதை யுவராஜுகிட்டச் சொல்லல, ஊட்டுக்காரிகிட்டயும் சொல்லல. நீங்க யாரோ, நான் யாரோ. எறங்கிப் போனா அவ்வளவுதான்.

அன்னைக்கு நான் வட்டத்தைத் தொடைச்சனில்லீங்களா, அதுக்கப்பறம் அவ ஒரு காரியம் பண்ணுனா. என்ற கையைப் புடிச்சா. எனக்கு அப்படியே ஆங்காரமாப் போச்சு, ஒரு பொம்பள, அத்தனை பேரு பார்க்க. என்ற நாலு விரலையும் மூணாம் நம்பர் பலகை மேல வெச்சு, பக்கத்துல அவ நகத்தால தட்டுனா. விரலுக்கடியில துடிச்சுதுங்க. ஒரு நூலளவுதான், கீழ போய் மேல வந்துச்சு. முப்பத்தெட்டு வருசமா மரத்தைத் தொட்ட கை, அதுக்குத் தெரியாம போகுமா. காத்து நிக்குது, சந்தேகமே இல்ல. அவ என்ற மூஞ்சியைப் பார்க்கறா. அவளுக்கும் தெரிஞ்சு போச்சு, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு.

நான் கையை உருவிக்கிட்டு 'போலாம்'னேன்.

என்ன பண்ணச் சொல்றீங்க? மூணாம் நம்பர்ல காத்து நிக்குதுன்னு சொல்லியிருந்தா, அப்பறம் எதுக்கு மேஸ்திரி போலாம்னீங்கன்னு ஒருத்தன் கேப்பான். தட்டறப்ப உங்களுக்குக் கேக்கலீங்களான்னு இன்னொருத்தன் கேப்பான். தொட்டாத் தெரியுது, தட்டுனாத் தெரியல. அதை எட்டு ஆளுக முன்னால நான் எந்த வாயால சொல்லுவேன்? தெரிஞ்சேதான் போலாம்னேன். தெரிஞ்சேதான் அவிநாசியில அவளைக் காட்டுனேன். அந்த நாலு கொப்புளமும் எங்கெங்க எழும்பும்னு சுவத்துல மாட்டறப்பவே எனக்குத் தெரியுமுங்க.

இந்தச் சோலிக்கெல்லாம் நான் போயிருக்கவே மாட்டேன். யுவராஜ் ஒரு கத்துக்குட்டி, அவ ஒரு ஊமைக்கோட்டான், மருதாசலம் மேக்கால சன்னல் வெச்ச மடையன். இவங்க மத்தியில நான் ஒருத்தன் கெடந்து சீரழியறேன். காத்தால இருந்து என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். "நடந்தது நடந்துபோச்சு, உன்னை மன்னிச்சுட்டேன், வந்து சேரு அம்மிணி"ன்னு சொல்லலாம்னு இருந்தேன். பஸ் ஏறுனப்ப அது நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப உங்ககிட்ட இதெல்லாம் சொன்னப்பறம் வாயில வர மாட்டேங்குது. மன்னிச்சுக்கன்னு நான் கேக்கோணும்போல இருக்குது. கேட்டுருவேன், அது ஒரு நிமிசம். அவளுக்கு நான் பேசறது கேக்கும்.

அதுக்கப்பறந்தானுங்க எனக்கு வெசனம். அவ பட்டறை வாசல்ல நிப்பா. தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் பதில் சொல்லுவா, உதடுகூடத் தெரியாது. வர்றேன்னு சொன்னாளா, வர மாட்டேன்னு சொன்னாளா, காறித் துப்பாத கொறையா என்ன சொன்னாள்னு எனக்கு எப்படித் தெரியும்? மறுபடி சொல்லு அம்மிணின்னு எத்தனை தடவை கேக்கறது? அவிநாசியில அவ சொன்னதையே இன்னொருத்தன் வாயிலதான் கேட்டேன். இதையும் கேக்காம ஊட்டுக்குத் திரும்பிப் போனா, யுவராஜ் என்ன சொன்னாங்கன்னு கேப்பான். நான் என்னத்தைச் சொல்லுவேன்.

அந்தா கோயில் மலை தெரியுது, திண்டல் வந்துருச்சு. ஏனுங்க, உங்களுக்கு ஈரோட்டுல அவசர சோலி ஒண்ணுமில்லீனா ஒருக்கா என்ற கூட எறங்கறீங்களா? கால் மணிக்கு ஒரு பஸ் வரும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், யாருன்னு கேட்டா நான் சொல்லிக்கறேன். பக்கத்துல நின்னு அவ சொல்றதைக் கேட்டுக்குங்க. அப்பறம் அவ உள்ள போனதும் என்ற மூஞ்சிக்கு நேரா நின்னு அதை அப்படியே சொல்லுங்க. சத்தமா வேண்டாமுங்க. அங்க ஆளுக இருப்பாங்க.